உப்புப் பூத்த சுவர்

குருவம்மாளின் மூன்றாவது ஆடும் செத்துப்போனது என்று கேள்விப்பட்ட திங்கட்கிழமை காலையில், மாரிசெல்வி வேலைக்குப் போகிற வழியில் சைக்கிளைக் காலனிப் பக்கம் திருப்பினாள். தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் அடைத்துக் கிடந்த நேரம். மழை வேறு விட்டபாடில்லை. வெம்பக்கோட்டை அணைக்குத் தண்ணீர் வருகிறது என்று ஊரே சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தது. காலனியில் மட்டும் குருவம்மாளின் சத்தம் தெருமுனை வரை கேட்டது.

"ஏலே பெத்தணா, வெளிய வாலே! வாயில்லாச் சீவனுக்கு மருந்து வச்சுட்டு நிம்மதியா உக்காந்து சோறு திம்பியாலே நீ?"

பக்கத்து வீட்டு வாசலில் பெத்தணன் பல் விளக்கிக்கொண்டு நின்றார். வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுக்காமலே பதில் சொன்னார். "நா ஏன் மதினி மருந்து வைக்கப் போறேன்? எஞ்சோளத்தத் தின்னதுக்கு ஒங்களத்தான் வஞ்சேன். ஆட்டை ஒரு சொல்லு சொல்லிருப்பேனா?"

குடத்தோடு நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். குருவம்மாள் அவர்கள் பக்கம் திரும்பினாள். "சிரிங்கட்டி, நல்லாச் சிரிங்க. சினையாடுட்டி அது. இன்னும் பத்து நாள்ல ஈனிருக்கும்."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

குருவம்மாள் மாரிசெல்விக்கு அத்தை முறை, அப்பாவின் சித்தப்பா மகள். இருவரும் ஒரே கம்பெனியில்தான் வேலை பார்த்தார்கள். மாரிசெல்வி ஆய்வுக்கூடத்தில், குருவம்மாள் வடிதுணி அலசுகிற இடத்தில். இவளைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"நேத்துப் பொழுதடைய நல்லாத்தாண்டி நின்னுச்சு. விடியப் பாத்தா பின்னங்காலு ரெண்டும் இழுத்துக்கிச்சு. எந்திரிக்கப் பாக்கும், விளும். எந்திரிக்கப் பாக்கும், விளும். என்னையவே பாத்துக்கிட்டுக் கெடந்துச்சு."

மாரிசெல்வி வீட்டுக்குள் போய்க் குனிந்து ஆட்டைப் பார்த்தாள். அதன் வயிறு பெரிதாக இருந்தது. பார்க்க முடியாமல் தலையைத் தூக்கினாள். எதிரே சுவர் இருந்தது.

மழைக்கு ஆடுகளை வீட்டுக்குள்ளேயே ஒரு மூலையில் கட்டியிருந்தாள் குருவம்மாள். அது பூசாத சுவர். ஈரத்தில் கல்லெல்லாம் கறுத்து, அதன் மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது, இலவம்பஞ்சைப் பிய்த்து ஒட்டியது போல. ஆனால் தரையிலிருந்து இடுப்புயரம் வரைக்கும் அந்த வெள்ளை இல்லை. நாக்கு போன தடம் மேலும் கீழுமாகத் தெரிந்தது. கல் மழுமழுவென்று மின்னியது.

அவள் கைக்குட்டையை விரித்து, மேலேயிருந்து கொஞ்சம் உப்பைச் சுரண்டி மடித்துக்கொண்டாள்.

"என்னட்டி அங்கன பாக்க?"

"உப்புப் பூத்திருக்கு அத்தை."

"புதுச் செவருன்னா பூக்கத்தான் செய்யும். வெயிலடிச்சா உதிந்துரும்" என்றாள் குருவம்மாள், மூக்கைச் சிந்திக்கொண்டே.

அந்தச் சுவரின் கல் மாரிசெல்வியின் யோசனையில் பிறந்தது.

சாத்தூர் ரோட்டில் இருந்த அய்யாதுரை முதலாளியின் கம்பெனியில் பட்டாசு செய்வதில்லை. பட்டாசில் பச்சை நிறம் எரிவதற்கான உப்பைச் செய்தார்கள். லாரியில் வருகிற வெள்ளைத் தாதுப் பொடியை அமிலத்தில் கரைத்து, துணியில் வடித்து, தெளிந்த நீரைக் காய்ச்சி ஆறவிட்டால் அடியில் மணிமணியாக பேரியம் நைட்ரேட் இறங்கும். சிவகாசிக்காரர்கள் மூட்டை மூட்டையாக வாங்கிப் போவார்கள். துணியில் தங்குகிற சாம்பல் நிறச் சேற்றுக்குச் சக்கை என்று பெயர். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து சேர்ந்த சக்கை பின்பக்கம் மேடாகக் கிடந்தது. மழைக்கு அது கரைந்து ஓடைக்குப் போவதாகப் புகார் வந்து, இரண்டு முறை அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

முதலாளியின் மகன் ராம்குமார் கோயம்புத்தூரில் பொறியியல் படித்துவிட்டு வந்தவர். ஒருநாள் எல்லோரையும் கூப்பிட்டு வைத்து, சக்கையை என்ன செய்யலாம் என்று கேட்டார். மற்றவர்கள் பள்ளம் வெட்டிப் புதைக்கலாம் என்றார்கள். மாரிசெல்வி கடைசி வரிசையில் உட்கார்ந்து ஏதோ சொன்னாள்.

"சத்தமாச் சொல்லும்மா. நான் கடிச்சிர மாட்டேன்."

அவள் எழுந்து நின்று தரையைப் பார்த்தபடி சொன்னாள். சக்கையைத் தண்ணீரில் கழுவலாம். மிச்சமிருக்கும் உப்பு அந்தத் தண்ணீருக்கு வந்துவிடும். அதைக் காய்ச்சும் தொட்டிக்கே திருப்பிவிடலாம். கழுவிய சக்கையோடு தூத்துக்குடி அனல் நிலையச் சாம்பலும் சுண்ணாம்பும் கொஞ்சம் சிமெண்டும் சேர்த்தால் கல் அறுக்கலாம். உப்பு உப்பாகவே திரும்பும், தண்ணீர் தண்ணீராகவே திரும்பும், சக்கை வீடாகும். எதையும் வெளியே கொட்ட வேண்டியதில்லை.

விருதுநகரில் வேதியியல் படித்த மூன்று வருஷத்தில் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டதில்லை அவள். அன்றைக்கு அவ்வளவு பேசியதை நினைத்து வீட்டுக்குப் போன பிறகும் காது சூடாக இருந்தது.

முதல் கல் நன்றாக வந்தது. அவளே உடைத்து, இடித்து, ஊறவைத்து, அந்தத் தண்ணீரைச் சோதித்தாள். விஷமான பேரியம் அதில் இல்லை. ஆனால் கல்லை விற்க முடியவில்லை. செங்கல் என்றால் சிவப்பாக இருக்க வேண்டும், இது செத்தவன் முகம் மாதிரி இருக்கிறது என்று கொத்தனார்கள் ஒதுக்கினார்கள். அப்புறம்தான் ராம்குமார், வேண்டிய தொழிலாளர்கள் சும்மாவே எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னார். முந்தைய மழையில் குருவம்மாளின் மண்சுவர் சரிந்து கிடந்தது. முதல் ஆளாக வந்து கேட்டவள் அவள்தான். "எம்மருமகப்புள்ள கண்டுபுடிச்ச கல்லாக்கும்" என்று போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் சொன்னாள்.

தப்பு நடந்தது கோடையில். கிணறு வற்றிப்போய்த் தண்ணீரை லாரியில் வாங்கினார்கள். மேஸ்திரி கண்ணுச்சாமிக்கு அந்தத் தண்ணீரைச் செலவழிக்க மனசே வரவில்லை.

"பாப்பா, ஒரு தண்ணியிலயே திரும்பத் திரும்பச் சக்கையக் கழுவுனா என்ன? தண்ணி மிச்சம். அது கெட்டியாயிரும், காய்ச்ச வெறகும் கம்மியாத்தான் செல்லும். என்ன சொல்றீக?"

அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அவர் சொன்னது சரிதான். தண்ணீர் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு விறகு மிச்சம். ராம்குமாரிடம் சொன்னபோது அவர் கையைத் தட்டினார். தண்ணீர் போகும் வழியை மட்டும் எல்லோரும் பார்த்தார்கள். அதிலிருந்து ஈரத்தோடு எடுத்துப்போட்ட சக்கையை யாரும் பார்க்கவில்லை. உப்புத் தண்ணீரில் அலசிய துணியில் உப்பு இருக்கத்தானே செய்யும். அதைக் கண்டுபிடிக்கப் பட்டப்படிப்பு வேண்டாம். பட்டப்படிப்பு படித்தவள் அங்கே இருந்தும் யாருக்கும் தோன்றவில்லை. குருவம்மாளின் வீட்டுக்குப் போன அந்தக் கோடைக் கல்லை மாரிசெல்வி சோதிக்கவும் இல்லை. முதல் கல்தான் தேறிவிட்டதே.

கைக்குட்டையில் இருந்ததை ஆய்வுக்கூடத்தில் கம்பி நுனியில் எடுத்துச் சுடரில் காட்டினாள். சுடர் பச்சையானது. இளம் பச்சை. ஒரு நாளைக்குப் பத்து முறை பார்க்கிற நிறம்தான். கம்பியைக் கழுவி மறுபடி காட்டினாள். மறுபடியும் பச்சை. பிறகு உப்பைத் தண்ணீரில் கரைத்து ஒரு சொட்டுக் கந்தக அமிலம் விட்டாள். குழாயில் பால் போல வெள்ளை இறங்கியது.

அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்றும் தோன்றியது. கல்லுக்குக் கலவை போடும்போது ஒவ்வொரு கூட்டுக்கும் ஒரு சட்டி ஜிப்சம் சேர்த்திருந்தால் போதும். அந்தப் பேரியம் இப்படியே, இந்த வெள்ளையாகவே, கல்லுக்குள் கரையாமல் கிடந்திருக்கும். ஆடு நக்கினாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஜிப்சம் மலிவு. பக்கத்திலேயே கிடைக்கும்.

அவள் குழாயை எடுத்துக்கொண்டு ராம்குமாரின் அறைக்குப் போனாள்.

அவர் கேட்டுவிட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"எத்தனை வீட்டுக்குப் போச்சு, கோடைக் கல்லு?"

"மூணு வீடு சார். மத்த ரெண்டு வீட்லயும் உள்ள வெளிய சிமெண்ட் பூசிட்டாங்க. அத்தை மட்டுந்தான் பூசல. மக கல்யாணத்தோட கையில ஒண்ணும் இல்ல."

"அப்போ அவுங்க வீட்டையும் பூசிருவோம். கம்பெனி செலவு. ஆட்டுக்கும் ஏதாவது குடுத்துரலாம்." நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமை சென்னைல இருந்து ஆளுங்க வர்றாங்கம்மா. கழிவே இல்லாத ஆலைன்னு பாக்க வர்றாங்க. அவுங்க ஒத்துக்கிட்டாத்தான் புதுத் தொட்டிக்கு உதவி கிடைக்கும். சனிக்கிழமை விடிஞ்சதும் கொத்தனாரை அனுப்புறேன். சத்தியமா. அது வரைக்கும் காலனில எதுவும் பேச வேண்டாம். இப்ப ஒரு வார்த்தை வெளிய போனா நம்ம கம்பெனியவே அடைச்சிருவாங்க. ஒங்க அத்தைக்கும் வேலை இருக்காது."

"ஈரத்துல பூசுனா நிக்காது சார்."

"சனிக்கிழமை பாப்போம்."

அவர் குரலும் நடுங்கியதை அவள் கவனித்தாள். அது அவளுக்கு ஒரு சமாதானமாகக்கூட இருந்தது. மிச்சம் இருந்த குட்டிகளைக் குருவம்மாள் அன்றைக்குக் காலையிலேயே தம்பி வீட்டுக்கு ஓட்டிவிட்டாள் என்று கண்ணுச்சாமி சொல்லியிருந்தார். ஆடு இல்லாத வீட்டில் இனிச் சுவரை யார் நக்கப் போகிறார்கள்? சனிக்கிழமை வரைக்கும்தானே. அவள் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். தலையாட்டுவது அவளுக்கு எப்போதுமே சுலபம்.

ஆனாலும் புதன்கிழமை சாயங்காலம் கால் அந்த வீட்டுக்கே போனது.

குருவம்மாளின் மகள் இசைவாணி வந்திருந்தாள். சாத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தது. மூன்று மாசம் முழுகாமல் இருந்தாள். போன வருஷம் ஒன்று கலைந்துபோனதால் இந்த முறை அம்மா வீட்டில் கிடக்கட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். சுவரை ஒட்டிக் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தவள் மாரிசெல்வியைக் கண்டதும் கையை ஊன்றி உட்கார்ந்தாள். இருவரும் பத்தாவது வரை ஒரே பெஞ்சு.

"வாங்க விஞ்ஞானி, வாங்க. இப்பத்தான் கண்ணு தெரிஞ்சுச்சாக்கும்?"

"எப்ப வந்த?"

"திங்கக்கெளமை பொழுதடைய. வந்ததுல இருந்து வாந்தி. ஒங்க அத்தை வைக்கிற கொளம்புக்கு மாசமா இல்லாதவளுக்கே வாந்தி வரும்."

"பேசுவட்டி, பேசுவ" என்றாள் அடுப்படியிலிருந்து குருவம்மாள். "மாமியா வீட்ல இப்பிடிப் பேசிட்டு இரு. வெளக்குமாறு பிஞ்சிரும்."

மாரிசெல்வி கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இசைவாணி குரலைத் தணித்து, "எப்பக் கல்யாணம் ஒனக்கு? இப்பிடித் தரையப் பாத்துக்கிட்டே திரிஞ்சேன்னா அந்தக் கண்ணுச்சாமி அண்ணாச்சிக்குத்தான் ரெண்டாந்தாரமாப் போகணும், பாத்துக்க" என்றாள். சொல்லிவிட்டு அவளே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவள் உதட்டோரத்தில் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"வாயில என்ன, திருநீறா?"

இசைவாணி சட்டென்று முந்தானையால் துடைத்தாள். "சத்தம் போடாதட்டி. நாக்கு கேக்குது, என்ன செய்ய? அம்மாட்டச் சொல்லிராத. சாம்பல் தின்னா புள்ளை கருப்பாப் பொறக்கும்னு உசுர வாங்குவா."

மாரிசெல்வியும் சிரித்தாள். மசக்கைக்காரிகள் திருநீறு தின்பதும் அதை ஒளிப்பதும் எந்த வீட்டில் இல்லை. அவளுடைய அம்மாகூட இவளைச் சுமந்தபோது அடுப்புச் சாம்பலைத் தின்றவள்தான்.

குருவம்மாள் மூவருக்கும் சோறு போட்டாள். சாப்பிடும்போது, இருக்கன்குடி கோயிலுக்குப் போய்க் காசு வெட்டிப் போட்டுவிட்டு வந்ததைச் சொன்னாள். ஒரு காசை இரண்டாக வெட்டி அம்மன் முன்னால் போட்டு, கெடுதல் செய்தவன் குடி இப்படியே துண்டாகட்டும் என்று சொல்லிவிட்டு வருவது. "பேரச் சொல்லல. ஆத்தாளுக்குத் தெரியாதா? எம்வீட்டு உசுர எடுத்தது எவனோ எவளோ, அவுக வீட்லயும் ஒரு உசுரு போகட்டும்னு சொல்லிட்டேன்."

மாரிசெல்வி தண்ணீர் குடித்தாள். இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அத்தை, பெத்தணன் மாமா இல்லை. சொல்ல வேண்டியது அவ்வளவுதான். குருவம்மாள் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள். "தின்னுட்டி. எலும்பும் தோலுமா இருக்க."

கிளம்பும்போது வாசலில் நின்று, "ஏ இசை, அந்தச் செவரு ஓரமாப் படுக்காத. ஈரம்" என்று மட்டும் சொன்னாள்.

"இங்கனதாண்டி குளுகுளுன்னு இருக்கு" என்றாள் இசைவாணி.

வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து மூன்று பேர் காரில் வந்தார்கள். மழைக்குச் சக்கை மேட்டைத் தார்ப்பாய் போட்டு மூடி, முன்னால் ரோஜாத் தொட்டிகளை வைத்திருந்தார்கள். ராம்குமார் சுவரில் பெரிய வட்டப்படம் ஒன்றை மாட்டியிருந்தார். அம்புக்குறிகள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்தபடி சுற்றின. விளக்கிச் சொல்ல மாரிசெல்வியை முன்னால் நிறுத்தினார்கள்.

வந்தவர்களில் வயதானவர் நல்ல மனிதராக இருந்தார். அவள் பதறுவதைப் பார்த்து, "மெதுவாச் சொல்லும்மா, அவசரமில்ல" என்றார். "கடைசில மிஞ்சுறது எங்க போகுது?"

"மிஞ்சுறது இல்ல சார். எங்கயும் போறதில்ல."

அப்போது கண்ணுச்சாமி கதவோரமாக வந்து நின்று கையைக் காட்டினார். ராம்குமார் கண்ணாலேயே அவரைப் போகச் சொன்னார். அவர் போகவில்லை. உள்ளே வந்து மாரிசெல்வியின் காதோரம் குனிந்தார்.

"குருவம்மா மக விளுந்துட்டா பாப்பா. கையி காலு வெளங்கல. ஆட்டோவுல விருதுநகருக்குத் தூக்கிட்டுப் போறாக. பாம்பு தீண்டிருக்கும்ங்காக."

அவள் யாரிடமும் சொல்லாமல் வெளியே நடந்தாள். பின்னால் ராம்குமார் பேர் சொல்லிக் கூப்பிட்டது கேட்டது. கண்ணுச்சாமியின் டிவிஎஸ் வண்டியில் ஏறி, முதலில் காலனிக்கு விடச் சொன்னாள். ஏன் அங்கே போகச் சொன்னாள் என்று அவளுக்கே புரியவில்லை. திறந்து கிடந்த வீட்டுக்குள் போய்ப் பார்த்தபோது புரிந்தது.

கட்டிலில் உட்கார்ந்தால் தோளுக்கு மேலே, எந்த ஆடும் எட்டாத உயரத்தில், இரண்டு கை அகலத்துக்குச் சுவர் வெளுப்பின்றி இருந்தது. சுரண்டிய கோடுகள் நெருக்கமாக இருந்தன. தலையணைக்கு அடியில் ஒரு கொண்டை ஊசி கிடந்தது. அதன் நுனி வெள்ளையாக இருந்தது.

விருதுநகர் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. பெரியாஸ்பத்திரியில் இசைவாணியின் கண் மட்டும்தான் அசைந்தது. ஒரு நர்ஸ் காலில் பல் பட்ட தடம் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தாள். குருவம்மாள் சுவரோடு சுவராக நின்று, ஆத்தா ஆத்தா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். மாரிசெல்வி நேரே டாக்டரிடம் போனாள். இளம் டாக்டர்; காகிதத்தில் வந்த இதயத் துடிப்பின் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாம்பு இல்ல சார். பேரியம்."

"என்னது?"

"பேரியம் நைட்ரேட். தின்னுட்டா. செவத்துல இருந்து சுரண்டித் தின்னுட்டா. பொட்டாசியம் எறங்கிரும் சார், அதான் கையி காலு ஓடல. பொட்டாசியம் ஏத்துங்க. சல்பேட் எதாவது வாய் வழியாக் குடுங்க. நான் அந்தக் கம்பெனில கெமிஸ்ட்."

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தன் குரல் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவளுக்கே தெரியாது. டாக்டர் ஒரு கணம் அவளைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், பிறகு நர்ஸிடம் வேகவேகமாகச் சொல்ல ஆரம்பித்தார்.

இசைவாணி பிழைத்துக்கொண்டாள். விடியும்போது விரல் அசைந்தது, மத்தியானத்துக்குள் கை அசைந்தது. அன்று ராத்திரி கரு கலைந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாரிசெல்வி போனபோது குருவம்மாள் வார்டுக்கு வெளியே தூக்குவாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். முகம் ஒடுங்கிக் கிடந்தது.

"டாக்டரு எல்லாஞ் சொன்னாக" என்றாள். "நேத்து ராம்குமாரு வந்தாக. செலவையெல்லாம் பாத்துக்கிடுதேன்னாக. செவத்தைப் பூச ஆளு அனுப்புறாகளாம். மளை வெறிக்கட்டும்னு கொத்தன் சொல்லிட்டானாம்."

"அத்தை, அந்த வீட்டுக்குப் போகாதீக. பூசுனாலும் உள்ள இருந்து வந்துகிட்டேதான் இருக்கும். இடிக்கணும்."

"இடிச்சுட்டு?"

மாரிசெல்வி தூக்குவாளியின் மூடியை எடுத்துக் கழுவினாள்.

"இடிச்ச கல்ல எங்கனட்டி கொட்டுவ? ஓடையிலயா?" குருவம்மாள் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டது போலத்தான் இருந்தது. "விடு. நா என்ன செவத்தையா திங்கப் போறேன். ஆடும் இல்ல. இவளையும் இனி அங்கன விட மாட்டாக. மாமியாகாரி வந்து வாசல்ல நின்னே பேசிட்டுப் போயிட்டா."

வாளியைக் கவிழ்த்து நீரை உதறினாள்.

"பெத்தணன் வந்தான்ட்டி. ஆட்டோவுக்கு ஓடுனதே அவந்தான். நேத்துப் பழம் வாங்கிட்டு வந்து, சொல்லாமக் கொள்ளாம வச்சுட்டுப் போறான். எனக்கு அவன் மொகத்தைப் பாக்க முடியல." முந்தானையில் கையைத் துடைத்தாள். "அன்னைக்கு ஆத்தா முன்னால நின்னு ஒரு உசுரு போகட்டும்னேன். எவ வீட்ல போச்சு பாத்தியா? வெட்டிப் போட்ட காச எங்கன போய் எடுக்க?"

வெந்நீர் வாங்க அவள் டீக்கடைக்குப் போனாள். மாரிசெல்வி உள்ளே போனாள்.

இசைவாணி மல்லாந்து படுத்திருந்தாள். கையில் ஊசி குத்திய இடம் நீலமாக இருந்தது. மாரிசெல்வி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது. பக்கத்துக் கட்டிலில் யாரோ குழந்தைக்குப் பாடிக்கொண்டிருந்தார்கள். மெதுவாகப் பாடினாலும் எல்லாம் கேட்டது.

"டாக்டரு சொன்னாரு" என்றாள் இசைவாணி. குரல் இன்னும் குழறியது. "நீ வந்து சொல்லலன்னா செத்துருப்பேனாம்."

மாரிசெல்வி மறுகையால் போர்வையை இழுத்துவிட்டாள்.

"எப்பிடிட்டி அம்புட்டுக் கரெக்டாச் சொன்ன? அம்மா பாம்புங்கா, ஆட்டோக்காரன் பாம்புங்கான். நீ மட்டும் வந்ததும் வராததுமா..." மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஒனக்கு எப்பத் தெரியும்?"

கட்டிலுக்கு மேலே, ஆடு எட்டாத இடத்தைப் பார்த்தபோதுதான் என்று சொல்லலாம். அது பொய்யுமில்லை. இசைவாணி அதை நம்புவாள். ராம்குமாரைத் தவிர வேறு யாருக்கும் ஒன்றும் தெரியாது. அவர் சொல்லப் போவதில்லை.

"திங்கக்கெளமை" என்றாள் மாரிசெல்வி. "ஆடு செத்தன்னைக்கே. உப்பை எடுத்துட்டுப் போய்ப் பாத்தேன். வெசம்னு தெரியும்."

இசைவாணி வெகுநேரம் மேலே ஓடாமல் நின்ற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புதங்கெளமை வந்தியே."

"ஆமா."

"எம்பக்கத்துல உக்காந்து சோறு தின்னியே."

"ஆமா இசை."

"வாயில என்னன்னு கேட்டியே."

மாரிசெல்வி வாயைத் திறந்தாள். நீ திருநீறு என்றாய் என்று சொல்ல வந்தது. கம்பெனியை அடைத்துவிடுவார்கள் என்றார்கள், சனிக்கிழமை பூசிவிடுவதாகச் சொன்னார்கள் என்று சொல்ல வந்தது. ஒன்றையும் சொல்லாமல் மூடிக்கொண்டாள்.

இசைவாணி தன் கையை அவள் கைக்குள்ளிருந்து எடுக்கப் பார்த்தாள். விரல்களில் இன்னும் பலம் வரவில்லை. ஒருமுறை இழுத்தாள், வரவில்லை. மறுபடி இழுத்தாள். மாரிசெல்விக்குத்தான் கடைசியில் புரிந்தது. பிடியை விட்டு, அந்தக் கையை அவளே தூக்கிப் போர்வைக்குள் வைத்துவிட்டு எழுந்தாள்.